கற்பூரம் சுடாத கை

என் வாயில் நாற்றம் அடிக்கிறது என்று முதலில் சொன்னவர் ஒரு ஜட்கா வண்டிக்காரர். மயிலாப்பூர் குளத்தங்கரையில் டிராமைத் தவற விட்டுவிட்டு, ஆபீசுக்கு நேரமாகிவிட்டதே என்று அவர் வண்டியில் ஏறியிருந்தேன். பாதி வழியில் மனுஷர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சாமி, காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துகீறே?" என்றார்.

கோபமாக இல்லை, பரிதாபமாகக் கேட்டார். அவர் சாயபு. தன் ஜன்மத்தில் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை என்றும், தொடாதவன் மூக்குக்குத்தான் இதெல்லாம் சட்டென்று தெரியும் என்றும் சொன்னார். கோட்டை வரும்வரை எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வண்டியை விட்டு இறங்கி, ஒரு மரத்தடியில் நின்று, உள்ளங்கையைக் குவித்து ஊதி முகர்ந்து பார்த்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. நாலு நாள் மூடி வைத்த பலாச்சுளை மாதிரி ஒரு வாசனை. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் நான் சாப்பிட்டது மோர்சாதம்.

அந்த நாளில் எனக்கு முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயதிருக்கும். குளத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் வாடகைக்குக் குடியிருந்தோம், நானும் என் மனைவியும். குழந்தை இல்லை. என் பக்கத்தில் பெரியவர்கள் என்று யாரும் மிஞ்சவில்லை. சில மாதங்களாகவே எனக்கு உடம்பு சரியில்லை. கூஜாத் தண்ணீரை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டாலும் தாகம் அடங்காது. ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தைவிடக் கொல்லைப்புறம் போய்வந்த நேரம்தான் அதிகம். ராஜா மாதிரி சாப்பிடுவேன், உடம்பு மட்டும் வற்றிக்கொண்டே போயிற்று. கோட்டு, ஆணியில் மாட்டியதைப் போல என் தோளில் தொங்கியது. குளியலறைச் சாக்கடையில் எறும்பு மொய்க்கிறது என்று மனைவி ஒருநாள் சொன்னாள். எறும்புக்கும் பசிக்காதா என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

இதையெல்லாம் அறிந்து எனக்கு மருந்து அனுப்பியவர் என் மாமனார். கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்று, மாம்பலத்தில் மனை வாங்கி வீடு கட்டியிருந்தார். தபாலில் தியாகராய நகர் என்று எழுதுவார்கள், வாயில் வருவது மாம்பலம்தான். சாயங்காலமானால் கதர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு கள்ளுக்கடை வாசலில் போய் நிற்பார். உள்ளே போகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்புவார். திரும்பிப் போனவர்கள், அவர் வீட்டுக்குப் போனதும் வந்து குடிப்பார்கள். அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் நின்றார். அந்த மனுஷர் மேல் எனக்கு எத்தனையோ ஆத்திரம் இருந்தாலும், அந்த ஒரு விஷயத்தில் அவர் வேஷக்காரர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

அவர் அனுப்பிய மருந்து திராட்சாரிஷ்டம். இளைத்த உடம்பு தேறுவதற்கு அதைவிட உசத்தி உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி. மயிலாப்பூரில் அவருக்குப் பழக்கமான ஒரு வைத்தியர் தயாரித்தது. மாமனார் வீட்டிலும் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும், சாப்பாடானதும் ஜீரணத்துக்கு ஒரு அவுன்ஸ் சாப்பிடுவார். எனக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அவுன்ஸ் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தித்திப்பாக, தொண்டையில் இதமாக இறங்கும். உள்ளே போனதும் உடம்பில் ஒரு சூடு பரவி, கொஞ்ச நேரம் நோயே இல்லாத மாதிரி இருக்கும். ஒரு அவுன்ஸ் இரண்டாயிற்று. பிறகு அவுன்ஸ் கிளாஸை விட்டுவிட்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டேன். மருந்துதானே, அதிகமானால் குணமும் அதிகமாகும் என்று நினைத்தேன். மனைவி பாட்டிலைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், அடுத்ததற்குச் சொல்லி அனுப்புவாள்.

வாய் நாற்றச் சேதி என்னைவிட வேகமாக ஊரைச் சுற்றியது. டிராமில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். ஆபீசில் மேலதிகாரி ஜன்னலைத் திறக்கச் சொன்னார். கடைசியில் அது மாம்பலத்துக்கும் எட்டியது. மாமனார் ஒருநாள் காலையில் வந்து, என் எதிரில் நெருங்கி உட்கார்ந்து, ஏதோ பேச்சுக் கொடுத்தார். என்னை முகர்ந்து பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன், அதுவே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

குடிகாரனிடம் பெண்ணைக் கொடுத்துவிட்டு ஊருக்கு உபதேசம் செய்ய மாட்டேன் என்றார். நீங்கள் குடிக்கிறது நிஜமானால் அவளை அழைத்துக்கொண்டு போய்விடுவேன், அப்புறம் மாம்பலத்துப் படியை நீங்கள் மிதிக்கக்கூடாது என்றும் சொன்னார். அவர் சொன்னதைச் செய்கிறவர். வீட்டில் என்னோடு பேசுவதற்கு இருந்த ஒரே ஜீவன் அவள். அவள் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்பதை நினைக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே மாமனாரும் நானுமாக மயிலாப்பூர் லஸ் முனையில் இருந்த ஒரு இங்கிலீஷ் டாக்டரிடம் போனோம். இங்கிலீஷ் டாக்டர் என்றால் இங்கிலீஷ் வைத்தியம் படித்த நம் ஊர்க்காரர். கண்ணாடிக் குழாயில் என் சிறுநீரையும் ஒரு நீல மருந்தையும் விட்டுக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறமாக நின்றது. சர்க்கரை வியாதி, அதுவும் முற்றியது என்றார். பிறகு ஒரு சொட்டைப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்து ஒற்றைக்கண்ணால் வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, சிறுநீரகத்தில் கொழுப்புப் படிந்திருக்கிறது, அது சொட்டுச் சொட்டாக வெளியே வருகிறது என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எலும்பும் தோலுமாக இருக்கிறவனுக்குக் கொழுப்பா? மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். கொழுப்பு என்ற சொல்லை அவர் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டுவிட்டார் என்று தோன்றியது.

டாக்டர் பொறுமைசாலி. சர்க்கரையை எரிக்கத் தெரியாமல் போன உடம்பு பசி தாங்காமல் தன் கொழுப்பையே கரைத்து எரிக்கப் பார்க்கும் என்றார். ஈர விறகு மாதிரி அதுவும் அரைகுறையாகத்தான் எரியும். அந்தப் புகைதான் வாயில் வருகிற பழ வாசனை. கரைந்த கொழுப்பு ரத்தத்தோடு சுற்றி ஈரலுக்குள்ளும் சிறுநீரகத்துக்குள்ளும் போய்ச் சேருகிறது. அங்கே அதைச் செலவழிக்க வழி இல்லாமல் தங்கிவிடுகிறது. இவ்வளவும் சொன்னதோடு நிறுத்தியிருந்தால் நான் அவர் காலில் விழுந்திருப்பேன். அவர் நிறுத்தவில்லை.

"குடிக்கிறவாளுக்கும் இதே கதைதான். உள்ளே போன சாராயத்தை எரிக்கிறதுலயே உடம்பு மும்முரமா இருக்கும், கொழுப்பைக் கவனிக்காது. அதுவும் இதே எடத்துல வந்து தங்கும். கண்ணாடியில பார்த்தா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ரெண்டும் சேந்துடுத்துன்னா கிட்னிக்கு ரெண்டு பக்கமும் அடி. அதனால நீங்கதான் சொல்லணும். குடிக்கிறது உண்டா?"

இல்லை என்றேன். சத்தமாகவே சொன்னேன். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, அரிசியைக் குறைக்கச் சொன்னார். தினமும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். ஊசி என்றதும் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். அரிஷ்டத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. குடியைப் பற்றிய பேச்சில் அரிஷ்டத்துக்கு என்ன வேலை? விபூதியைப் பற்றியும்தான் நாங்கள் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் மாமனார், டாக்டர் இரண்டு கதவையும் திறந்து வைத்துவிட்டார் என்றார். சர்க்கரை என்றாலும் நாற்றம், குடி என்றாலும் நாற்றம், அதிலும் கொழுப்பு, இதிலும் கொழுப்பு. இப்படிப்பட்ட சாட்சியத்தை வைத்துக்கொண்டு எந்த ஜட்ஜும் தீர்ப்பு எழுத மாட்டான் என்றார். ஆகவே கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். கோர்ட்டில் கூசாமல் பொய் சொன்ன சாட்சிகள்கூடக் கற்பூரம் என்றதும் பின்வாங்கியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறாராம். நான் உடனே சம்மதித்தேன். உண்மையைச் சொல்கிறவனுக்கு என்ன பயம்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்கள் தெருக்கோடி அம்மன் கோயிலில். மாமனார், என் மனைவி, தெருவில் நாலு பெரிய மனிதர்கள். கோர்ட் வழக்கப்படி மாமனார் வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தார், நான் திருப்பிச் சொன்னேன்: கள்ளோ, சாராயமோ, பிராந்தியோ, மற்ற எந்த லாகிரி வஸ்துவோ நான் தொட்டதில்லை. கல்லின் மேல் கட்டிக் கற்பூரம் நன்றாகப் பிடித்து எரிந்தது. உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுக் கையை எடுப்பதுதான் வழக்கம். நான் எடுக்கவில்லை. இத்தனை நாள் பட்ட அவமானமெல்லாம் சேர்ந்து ஒரு வீம்பு. கையை அழுத்தி வைத்துக்கொண்டு மாமனாரையே பார்த்தபடி நின்றேன். சுடவில்லை. சத்தியமாகச் சுடவில்லை. கைக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

நான் கையை எடுத்தபோது மாமனார் கண்ணில் ஜலம். சத்தியவானை நெருப்பு சுடாது என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். மாமனார் என் தோளைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்காத குறையாகப் பேசினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மனைவி மட்டும் தூண் ஓரமாக வெளுத்த முகத்தோடு நின்றிருந்தாள். கூட்டத்துக்குக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் உள்ளங்கையில் கொப்புளம். அது உடைந்து புண்ணாயிற்று. மஞ்சள், வேப்பெண்ணெய், என்னென்னவோ போட்டுப் பார்த்தோம், ஆறவில்லை. புண் ஓரம் கறுத்து, உள்ளே சீழ் கட்டி, பெருவிரல் அடிவரை பரவியது. கிட்டே வந்தால் அந்த நாற்றம் வேறு. சத்தியவானை நெருப்பு சுடாது என்று சொன்ன அதே பெரியவர், பொய்ச் சத்தியம் கையைத் தின்கிறது என்று இப்போது சொன்னார். கோயிலில் ஆமாம் போட்டவர்கள் இதற்கும் ஆமாம் போட்டார்கள்.

மாமனார் ஜட்கா வைத்துக்கொண்டு வந்தார். புண்ணை ஒருதரம் பார்த்தார், பெண்ணைக் கிளம்பச் சொன்னார். அவளையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. அவள் புடவை நாலைந்தை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். திரும்பி வந்து, அலமாரியில் புது பாட்டில் இருக்கிறது, சாப்பிட்டதும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று ராத்திரி நான் அழுதேன்.

அதற்குப் பிறகு இருந்த குழப்பத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் குடித்ததில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கை வேறு மாதிரி சொல்லியது. ஒருவேளை காலேஜ் நாளில் யாராவது விளையாட்டுக்கு எதையாவது கலந்து கொடுத்தார்களா? ஏதாவது ஜுரத்தில் நினைவு தப்பிக் கிடந்தபோது பிராந்தி புகட்டினார்களா? செய்யாத குற்றத்துக்கு என் ஆயுசு முழுவதையும் தோண்டித் தோண்டிப் பார்த்தேன். நெருப்பு சுடாமல் விட்டது எதற்கு, விட்டுவிட்டு அப்புறம் தின்றது எதற்கு? தெய்வம் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு மறுநாளே மாற்றிச் சொல்லுமா? இந்த யோசனையெல்லாம் தாங்காமல் டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன்.

கை முழங்கைவரை வீங்கிய பிறகுதான் மறுபடியும் டாக்டரிடம் போனேன். கையைப் பார்த்ததும் என்னை வாயாரத் திட்டினார். சர்க்கரை இருக்கிறவன் புண் ஆறாது என்பதை முதல்நாளே சொல்லியிருக்க வேண்டும், நெருப்பில் கையை வைப்பீர் என்று நான் கண்டேனா என்றார். கீறிக் கட்டிவிட்டு, கேள்வி கேட்காமல் ஊசியையும் போட்டார். அந்த மருந்து எந்தப் பிராணியிலிருந்து எடுத்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து ஆசாரம் பாதி இப்படித்தான் பிழைத்து வந்திருக்கிறது.

தினமும் ஊசிக்குப் போனேன். வாய் நாற்றம் குறைந்தது, தாகம் குறைந்தது. ஆனால் ஒருநாள் சாப்பிட்டுவிட்டு நேராக அங்கே போனபோது டாக்டர் மூக்கைச் சுளித்தார். இது பழைய வாசனை இல்லை, இது வேறு, உண்மையைச் சொல்லும் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், என் வீட்டில் இருப்பதெல்லாம் இதுதான் என்று மறுநாள் அரிஷ்ட பாட்டிலைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு சொட்டு நாக்கில் விட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார், அடக்க முடியாமல் சிரித்தார்.

திராட்சையையும் வெல்லத்தையும் பானையில் போட்டு, வாயை மண்சீலை கட்டி மூடி, மாதக்கணக்கில் புளிக்க வைத்தால் என்ன வரும் என்று என்னைக் கேட்டார். தென்னை மரத்துக் கள்ளுப் பானையில் ஒரே நாளில் ஆகிற காரியத்தை வைத்தியர் நிதானமாகச் செய்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். ஒரு அவுன்ஸ் மருந்தாக இருக்கலாம். டம்ளர் டம்ளராக விட்டுக்கொண்டால் சர்க்கரை வியாதிக்காரரும் நீர்தான், குடிகாரரும் நீர்தான். சிறுநீரகத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்று அன்றைக்குச் சொன்னது உமக்குத்தான் என்றார். அப்படியானால் முதலில் வந்த நாற்றம் எது, கொழுப்பு எதனால் வந்தது என்று கேட்டேன். இனிமேல் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது என்றார். என் சத்தியம் நிஜமா பொய்யா என்று கேட்டேன். அது தன் இலாகா இல்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கையில் கட்டோடும் கக்கத்தில் பாட்டிலோடும் மாம்பலத்துக்குப் போனேன். மிதிக்கக்கூடாது என்று சொன்ன படியை மிதித்தேன். மாமனார் சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் அவருடைய அவுன்ஸ் கிளாஸ், அதில் பாதி அரிஷ்டம். மனைவி கூடத்துக் கதவோரம் வந்து நின்றாள். என்னைவிட அவள் இளைத்திருந்தாள்.

டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். மருந்து எப்படி லாகிரி ஆகும் என்று மாமனார் சீறினார். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததை அப்போது சொன்னேன்.

"மாமா, அது மருந்துன்னா என் சத்தியம் நிஜம். லாகிரின்னா, அதை அனுப்பினது நீங்கோ. ரெண்டுல எதை வேணும்னாலும் நீங்களே எடுத்துக்கோங்கோ. எதை எடுத்துண்டாலும் இவளை நீங்க வெச்சுக்க நியாயம் இல்லை."

மாமனார் கிளாஸை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனார், கீழே வைத்தார், மறுபடியும் எடுத்தார். எத்தனையோ வருஷமாகத் தினம் சாப்பிட்ட பொருளை அன்றைக்குத்தான் முதல்முதலாக முகர்ந்தார் போலிருக்கிறது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாகிவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வரவில்லை. நான் குடிகாரனா இல்லையா என்பது எனக்கே தெரியாதபோது எதை ஜெயித்ததாகச் சொல்வது?

மனைவி கதவோரத்திலிருந்து வந்தாள். அப்பா எதிரில் என் பக்கத்தில் நிற்கக்கூடக் கூசுகிறவள், எதிரே தரையில் உட்கார்ந்து என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டைப் பிரித்தாள். புண்ணைப் பார்த்தாள். அதைச் சுற்றி ஒரு விரலால் மெல்ல அழுத்தினாள், பிறகு பலமாக அழுத்தினாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கறதா?" என்றாள்.

இல்லை என்றேன். அவள் தைரியமாக இருக்கட்டும் என்று, கொஞ்சம்கூட இல்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அன்னிக்கு எல்லாரும் சுடலை சுடலைன்னு சந்தோஷப்பட்டா. நான் நடுங்கிண்டு நின்னேன். நெருப்பு பட்டா சுடணுமோல்லியோ? சுடலைன்னா உடம்புல என்னமோ செத்துப் போச்சுன்னுதானே அர்த்தம்? ஒருத்தருக்கும் அது தோணலையா?"

மாமனாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. அவர் ஊஞ்சலை விட்டு எழுந்தார். சட்டைகூடப் போட்டுக்கொள்ளாமல், அந்த உச்சி வெயிலில், எங்கள் இருவருக்கும் ஜட்கா கூப்பிடத் தெருவில் இறங்கி நடந்தார்.